புது ஸ்கீயில் ஏறிய குங்குமம்

1. சிவப்புக் கோடு

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். என் இஸ்திரிப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு வந்தது.

ஸ்கீ என்பது பனிச்சரிவில் வழுக்கிப் போவதற்குக் காலில் மாட்டிக்கொள்ளும் நீளப் பலகை. பனியில் படுகிற அடிப்பக்கத்தை நாங்கள் பேஸ் என்போம். அன்றைக்கு என் பெஞ்சில் இருந்த ஜோடி புத்தம்புதிது, பேஸ் வெள்ளை. அதன்மேல் வாக்ஸ் என்னும் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, பெட்டியை முனையிலிருந்து வால்வரை நிற்காமல் இழுத்துக்கொண்டு வந்தேன். உருகிய வாக்ஸ் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பு. இன்னும் ஓர் அடி தாண்டினால் நல்ல சிவப்பு. கையைத்தான் வெட்டிக்கொண்டேனோ என்று விரல்களைப் பார்த்தேன். காயம் ஒன்றும் இல்லை. குனிந்து முகர்ந்தேன். மெழுகு வாசனைக்கு நடுவில் சந்தன வாசனை வந்தது.

அப்போதுதான் உறைத்தது.

முந்தின நாள் எங்கள் முதலாளி கெவின் எனக்கென்று ஒரு புது வாக்ஸ் இஸ்திரிப்பெட்டியும், பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்றும் கொடுத்தார். "சாரா, இனிமே இந்த பெஞ்ச் உங்களோடது. நடுவுல வேற யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார். சரஸ்வதி என்ற பெயர் அவர் வாயில் சாரா ஆகிப் பல வருடம் ஆகிறது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புதுப் பொருள் எதுவானாலும் முதல்முறை கையில் எடுக்கும் முன் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மிக்ஸி, கார், பிள்ளையின் லேப்டாப், எதற்கும் விதிவிலக்கு இல்லை. பெட்டியின் கைப்பிடிக்கும் பிரஷின் மரமுதுகுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். இரண்டையும் ஒரே டிஃபன் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். கார் குலுங்கிய குலுங்கலில் காய்ந்த பொட்டு உதிர்ந்து பிரஷின் கம்பிகளுக்குள் இறங்கியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அந்த பிரஷால்தான் புது பேஸை அழுத்தித் தேய்த்தேன். அதன்மேல் சூடும் வைத்தேன்.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங் பார்த்தவள் நான். வெள்ளை பனியனில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் பீஸைத் தூக்கி வீசிவிட்டு, தைத்தவர்களைக் கேள்வி கேட்டே அழவைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இப்படிச் செய்துவைத்தேன்.

2. பிளாஸ்டிக் குடிக்கும்

கதையைத் தொடரும் முன் இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் ஸ்கீயை மெழுகு பூசிய பலகை என்றே நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கணவருக்குப் பார்சிப்பனியில் மருந்துக் கம்பெனி வேலை. பதினாலு வருடத்துக்கு முன், எனக்கு கிரீன் கார்ட் வந்த சமயம், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருந்த ஸ்கீ கடை வாசலில், சீசனுக்கு ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனேன்.

"ஸ்கீ பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார் கெவின். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பேசுவது ஆங்கிலம்தான், எழுதும்போது என் தமிழ் அவர் வாயில் வந்துவிடுகிறது.

"தெரியாது. இஸ்திரி போடத் தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். அன்றைக்கே பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவிட்டார்.

முதல் நாள் பார்த்ததை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. வாக்ஸைச் சொட்டவிட்டார், தேய்த்தார், ஆறவிட்டார். பிறகு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரை எடுத்து, போட்ட வாக்ஸ் மொத்தத்தையும் சுரண்டித் தரையில் தள்ளினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்தையும் சுரண்டறதுக்கு எதுக்குப் போட்டீங்க?"

"மேல இருக்கறது வேஸ்ட். உள்ள போனதுதான் ஓடும்."

"பிளாஸ்டிக்குள்ள எப்படிப் போகும்?"

அவர் பெட்டியை என் கையில் கொடுத்தார். தேய்த்தேன். சுரண்டியபின் மறுபடி தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் பேஸ் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டது. நாலாவது முறை தேய்த்தபோது பளபளப்பு மாறி, ஆழமான ஒரு மினுமினுப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அந்த பிளாஸ்டிக்கில் இருக்கின்றன, சூட்டில் அவை திறந்து வாக்ஸைக் குடிக்கின்றன. அன்று வீட்டுக்குப் போய் இதைக் கணவரிடம் சொன்னபோது, "சரி, தோசை ஊத்து" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

ஃபேக்டரியிலிருந்து வரும் புது ஸ்கீ பார்க்க ஜொலிக்கும். ஆனால் பேஸ் வறண்டு கிடக்கும். இரண்டு ஓரத்திலும் ஓடும் இரும்பு விளிம்பை எட்ஜ் என்போம். அதில் அரம் பட்ட பிசிறு இருக்கும். அதனால் முதல்முறை பனியில் வைக்கும் முன் எட்ஜை அரம் போட்டு, வைரத்தூள் பதித்த சாணைக்கல்லால் பிசிறு எடுத்து, பேஸைத் துலக்கி, நாலைந்து தடவை வாக்ஸ் குடிக்க வைக்க வேண்டும். சூடு கூடினால் துளைகள் மூடிக்கொள்ளும். அப்புறம் அந்த பேஸ் எதையும் குடிக்காது. இஸ்திரிப்பெட்டி ஓர் இடத்தில் இரண்டு நொடி நின்றாலே போதும், ஸ்கீயின் ஆயுள் குறைந்துவிடும்.

எட்ஜ் கூர்மையா என்று பார்க்க கெவின் கட்டைவிரல் நகத்தின் முதுகை அதில் லேசாக இழுப்பார். நகத்திலிருந்து பொடி வந்தால் சரி. மெஷின் தவறவிட்ட பிசிறை அவர் நகம் கண்டுபிடிக்கும். அதை நான் கற்றுக்கொள்ள மூன்று குளிர்காலம் ஆனது.

3. அந்த ஜோடி யாருடையது

மெர்சி தூத்துக்குடிக்காரர். பிளெய்ன்ஸ்பரோவில் வீடு, ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி பிரிவில் நர்ஸ். வயது நாற்பத்தாறு. பிள்ளைகளை ஸ்கீ கிளாஸில் கொண்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து போரடித்துப்போய், தானும் கற்றுக்கொண்டவர். பிள்ளைகள் விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஸ்கீ பேட்ரோலில் சேரப் பயிற்சி எடுத்தார். மலையில் யாராவது விழுந்து கால் உடைந்தால், டொபாகன் என்னும் சறுக்கு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, கட்டி, முன்னால் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் தாங்கள் நின்று, ஐஸ் சரிவில் அடிவாரம்வரை கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் இந்தப் பேட்ரோல்காரர்கள். சம்பளம் கிடையாது. மெர்சி ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டார்.

டொபாகன் டெஸ்டில் அவர் இரண்டு முறை தோற்றிருந்தார். இரண்டாம் முறை, செங்குத்தான இடத்தில் நிறுத்தச் சொன்னபோது டொபாகன் நிற்காமல் அவரையும் தள்ளிக்கொண்டு சில அடி இறங்கிவிட்டது. அவருடைய பழைய ஸ்கீயை கெவினிடம் காட்டினார். எட்ஜ் அரம் போட்டுப் போட்டுத் தேய்ந்து, இனி அரம் போட இரும்பே இல்லை. அதனால்தான் இந்தப் புது ஜோடி. அது வந்து சேர வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது டெஸ்ட். இதிலும் தவறினால் அடுத்த வருடம் பயிற்சி முழுவதும் முதலிலிருந்து. வார நாட்களில் ஆஸ்பத்திரி, வார இறுதியில் மலை என்று மூன்று வருடம் ஓடியவர். இன்னொரு வருடம் உடம்பு தாங்காது என்று அவரே சொல்லியிருந்தார்.

அந்த ஸ்கீயில்தான் நான் குங்குமத்தை ஏற்றி வைத்திருந்தேன்.

4. வெளியே இழுப்பது

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தது உண்மைதான். மேலே இன்னும் இரண்டு கோட் வாக்ஸ் போட்டால் நிறம் மங்கிவிடும், யார் பேஸைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கப்பட்டேன். நேரே கெவினிடம் போனேன்.

அவர் வந்து பார்த்தார். விரலால் தடவினார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது எதுல செய்யறது?"

"மஞ்சள், சுண்ணாம்பு. கடையில வாங்கறதுல கலரும் இருக்கும்."

"சுண்ணாம்புன்னா நறநறன்னு இருக்குமே. பனில இழுக்கும்."

"கிரைண்ட் பண்ணிடலாமா?"

"புது பேஸை மெஷின்ல சீவினா அதோட வயசு போகும். எட்ஜ் கோணமும் மாறும், மறுபடி முதல்லேருந்து போடணும். கெமிக்கல் கிளீனர் பேஸை வறட்டிடும். சூட்டுல உள்ள போனதை சூட்டுலயே வெளிய எடுங்க."

அது எங்களுக்குத் தெரிந்த முறைதான், அழுக்கான பழைய ஸ்கீக்குச் செய்வது. மென்மையான வாக்ஸை உருக்கித் தேய்த்து, அது இறுகும் முன் சூட்டோடு சுரண்டினால், உள்ளே இருக்கும் அழுக்கு வாக்ஸோடு சேர்ந்து வெளியே வரும். புது பேஸில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ததில்லை. ஒவ்வொரு முறை சூடு வைப்பதும் ஓர் ஆபத்து.

"இன்னொண்ணு சாரா. அவங்களுக்கு இன்னைக்கே சொல்லிடுங்க. சனிக்கிழமை சொன்னா அவங்களுக்கு வேற வழி இருக்காது."

மெர்சி பிரேக்கில் இருக்கும் நேரம் பார்த்து போன் செய்தேன்.

"மெர்சி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்கக்கா. ஸ்கீ வரலியா?"

"வந்துருச்சு. அதுல குங்குமம் ஏறிருச்சு."

"என்னக்கா சொல்லுதிய?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"நானே பொட்டு வைக்கது கிடையாது. என் ஸ்கீக்கு வச்சிட்டிய" என்றார். அதில் சிரிப்பு இல்லை. "சரி, வழுக்குமா வழுக்காதா? அதச் சொல்லுங்க."

"தெரியல மெர்சி. எடுக்கப் பாக்கறேன். வேண்டாம்னா கடைல வேற ஜோடி இரவல் தர்றேன்னு கெவின் சொல்றாரு."

"என் உயரத்துக்கும் எடைக்கும்னு பாத்துப் பாத்து வாங்குனது அது. வேற ஸ்கீல எப்படிக்கா டொபாகன் இழுப்பேன்? எட்ஜ் எப்படி இருக்கு?"

"எட்ஜ் காலைலயே முடிச்சுட்டேன். அதுக்கு ஒண்ணும் ஆகல."

"நீங்க எடுத்துப் பாருங்க. சனிக்கிழமை காலைல வாரேன்" என்று வைத்துவிட்டார்.

வியாழன் மதியத்திலிருந்து வெள்ளி மாலைவரை அந்த ஒரு ஜோடியோடுதான் இருந்தேன். பிரஷைக் குப்பையில் போட்டேன். பெட்டியின் சூட்டைக் குறைத்து வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் இடது கையை ஸ்கீயின் மேல்பக்கத்தில் வைத்துக்கொண்டே தேய்த்தேன். அடியில் வைக்கும் சூடு மேலே வெதுவெதுப்பாகத் தெரிந்தால் நிறுத்த வேண்டும். முதல் சுற்றில் சுரண்டியது குழம்பு நிறத்தில் வந்தது. இரண்டாவது ரோஸ். ஆறும்வரை காத்திருந்து மறுபடி. உள்ளே போனது இவ்வளவா என்று மலைப்பாக இருந்தது, அது திரும்பி வருகிறதே என்பது அதைவிட மலைப்பு. எட்டாவது சுற்றில் வாக்ஸ் கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. அதற்குமேல் சூடு வைக்க எனக்குத் தைரியம் இல்லை. குளிர்ந்த பனிக்கான கெட்டி வாக்ஸை இரண்டு முறை போட்டு, ராத்திரி முழுக்க இறுக விட்டு, சனிக்கிழமை காலையில் சுரண்டி, வேறு பிரஷால் துலக்கினேன்.

மெர்சி வந்து பேஸைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு லேசான ரோஸ் இருந்தது.

"இது போகாதா?"

"போகாது. நறநறப்பு இல்ல, தடவிப் பாருங்க."

தடவினார். எடுத்துக்கொண்டு கிளம்பும்போது திரும்பி, "பதினாலு வருசமா பெஞ்சிலயே நிக்குதிய. நாளைக்கு மலைக்கு வாங்க. வந்து பாருங்க" என்றார். அழைப்பா, கண்டிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

5. தலை கீழே, கால் மேலே

நான் அதுவரை ஸ்கீ மலைக்குப் போனதே இல்லை. பனி என்றால் எனக்கு டிரைவ்வேயில் வாரித் தள்ளுவதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்வெட்டர், கணவரின் ஜாக்கெட், தலையில் மஃப்ளர் என்று கரடி மாதிரி போய் நின்றேன். வாரம் முழுக்க உருகி உறைந்து, சரிவு கண்ணாடியாக மின்னியது. அதில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். என் பெஞ்சில் சும்மா கிடக்கும் பலகைகள் இங்கே பறந்தன. வாயைத் திறந்தபடி நின்றேன்.

டெஸ்ட் எடுப்பவர் நரைத்த முடியுள்ள பெண்மணி. டொபாகனில் நோயாளியாகப் படுக்க வேண்டிய பேட்ரோல்காரருக்கு அன்று காய்ச்சல். மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். மெர்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க படுக்கியளா?"

"எங்க?"

"டொபாகன்ல. நான் இழுப்பேன்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என்ன சொல்லி மறுப்பது? அந்த ஸ்கீயைத் தயார் செய்தவளே அதன் பின்னால் வர மாட்டேன் என்றால், அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டு அதில் நிற்பார்? அடிபட்டால் என் பொறுப்பு என்று அவர்கள் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். பனி வண்டியில் உட்காரவைத்து மேலே கொண்டுபோனார்கள்.

வலது கால் உடைந்ததாகக் கணக்கு. காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். காலில் அடி என்றால் கால் மேட்டுப்பக்கம், தலை பள்ளத்துப்பக்கம் இருக்க வேண்டுமாம். போர்வை போர்த்தி, மார்பிலும் இடுப்பிலும் பட்டை இறுக்கிவிட்டார்கள். கையை அசைக்க முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஷூவும் அதற்குமேல் வானமும். தலைமாட்டில், ஓரடி தூரத்தில், மெர்சியின் ஸ்கீ.

கிளம்பியது. கீழே பார்க்க முடியாததால் காதை நம்பித்தான் வந்தேன். இரண்டு எட்ஜும் ஐஸைச் சீவும் சத்தம், ஒரே சீராக, விடாமல் கேட்டது. பதினாலு வருடம் கூர்மை போட்டிருக்கிறேன், அது செய்யும் வேலையின் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. குளிரினால் மட்டும் இல்லை.

"அக்கா, மூச்சு விடுங்க. நான் இருக்கேன்லா" என்று மெர்சியின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரியில் பேசுவதும் இதே குரலாகத்தான் இருக்கும்.

திடீரென்று சரிவு செங்குத்தானது. உடம்பு முழுவதும் தலைப்பக்கம் இறங்கியது. அங்கேதான் டெஸ்ட் எடுப்பவர் கத்தினார்: "ஸ்டாப்."

நின்றது.

குலுக்கலே இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. என் எழுபது கிலோவும், டொபாகனின் எடையும், என்னில் முக்கால்வாசிகூட இல்லாத ஒரு பெண்ணும், அந்தக் கண்ணாடிச் சரிவில் இரண்டு இரும்பு விளிம்புகளின்மேல் நின்றோம். அந்த விளிம்பின் அகலம் அரிசி மணியின் அகலம்கூட இருக்காது.

தலைகீழாகக் கட்டுண்டு கிடந்த அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இடது ஸ்கீயின் எட்ஜுக்கு வியாழக்கிழமை எத்தனை இழுப்பு அரம் போட்டேன்? நினைவில்லை. கடைசியில் நகம் வைத்துப் பார்த்தேனா? அதுவும் நினைவில்லை. புதுப் பெட்டியையும் புது பெஞ்சையும் பற்றிய குஷியில் கை தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. இரண்டு நாள் குங்குமத்தோடு மல்லுக்கட்டினேன், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியாக இருந்தது கைப்பழக்கத்தின் புண்ணியம், அவ்வளவுதான். அந்த நிமிடம் பயந்ததுபோல் நான் எப்போதும் பயந்ததில்லை.

மறுபடி கிளம்பினோம். அடிவாரத்தில் ஒரு நீளமான சமதரை உண்டு. வாக்ஸ் சரியில்லாத ஸ்கீ அங்கே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மிச்சத் தூரத்தை இழுத்துச் சாக வேண்டும். மெர்சி ஒரு தப்படிகூடத் தள்ளவில்லை. ஸ்கீ தானாக ஓடி, முதலுதவி அறையின் வாசலில் போய் நின்றது.

டெஸ்ட் எடுப்பவர் பின்னாலேயே வந்து ஏதோ சொன்னார். மெர்சி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு, பட்டையைத் தளர்த்தி, என் ஷூவைத் தொட்டார்.

"அக்கா, கால் விரல அசைங்க. மரத்துப் போயிருக்கா?"

"இல்லீங்."

"குளிருதா?"

"இல்லீங்" என்றேன். அதுவரை மெர்சி என்று பெயர் சொல்லியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, தம்பி மனைவி வயதுப் பெண்ணிடம் அன்றைக்கு எங்கள் ஊர் ‘ங்’ மரியாதை தானாக வந்தது. என்னைப் பார்த்து முடித்தபின்தான் அவர் எழுந்து, "பாஸா?" என்று கேட்டார். பாஸ் என்பதைத்தான் அந்தப் பெண்மணி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஸ்கீயில் தொங்கும் சீட்டில் வாங்கியவர் பெயர், உயரம், எடை எல்லாம் இருக்கும். அந்த ஸ்கீ யாரையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கப்போகிறது என்று அதில் இருக்காது. அவர்கள் கையைக்கூட அசைக்க முடியாமல், தலை கீழாக, நம்மை யாரென்றே தெரியாமல் வருவார்கள்.

இப்போதெல்லாம் எட்ஜ் போடும்போது ஒவ்வொரு இழுப்பையும் வாய்விட்டு எண்ணுகிறேன். கடையில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.